காவிரி டெல்டாவில் வீட்டுக்குள் பிகோனியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம், இலை அழகுக்காகவும் பூவுக்காகவும் தொட்டியில் வைக்கும் பிகோனியாச் செடியை வளர்ப்பவர்களும் வளர்க்க ஆசைப்படுபவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. ஆசைக்கு நாலைந்து தொட்டி வாங்கி, அது தாழ்வாரம் முழுக்கப் பெருகி, வீட்டில் உள்ளவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்திருக்கும் நிலையில் இருப்பவர்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

நம்மூர் வெக்கையில் பிகோனியா வருமா?

வரும். எல்லா வகையும் வராது. பிகோனியாவில் 2000க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. சில ஆண்டிஸ் மலைக் குளிரில் பிறந்தவை, சில பிரேசில் காட்டு நிழலில் வளர்ந்தவை, சில அசாம் பக்கத்து ஈரக்காட்டைச் சேர்ந்தவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பிகோனியா மலபாரிகா, பிகோனியா ஃப்ளாக்சிஃபெரா என்று சொந்த இனங்கள் இருக்கின்றன. எது எங்கிருந்து வந்தது என்று பார்த்து வாங்கினால் பாதி வேலை முடிந்தது.

பகல் வெயிலைக் கண்டு ரொம்பப் பயப்பட வேண்டாம், நிழல் கொடுத்துச் சமாளித்துவிடலாம். படுத்துவது இரவுதான். சித்திரை, வைகாசியில் தஞ்சாவூரில் பகல் 38, 39 டிகிரிக்குப் போகும். பல இரவுகளில் 26, 27க்குக் கீழே இறங்காது. பெரும்பாலான பிகோனியாக்களுக்குப் பிடித்தது 18 முதல் 27 டிகிரி வரைதான். செடி பகலில் சேர்த்த சர்க்கரையை இரவில் சுவாசித்துச் செலவு செய்கிறது. இரவும் சூடாக இருந்தால் வரவை மிஞ்சிச் செலவு போகும். வெயிலே படாத மூலையில் வைத்த செடிகூட மே மாதத்தில் மெலிந்து இலை உதிர்ப்பது இதனால்தான்.

குளிர்காலத்தில் செடிகளை உள்ளே எடுத்துப் பாதுகாக்க வேண்டும் என்று படித்தேன். எப்போது எடுப்பது?

அந்த அறிவுரை உறைபனி விழும் ஊர்களுக்கானது. வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் பிகோனியாவின் சாறு நிறைந்த தண்டு கெடும், அதனால் அங்கே இலையுதிர்காலத்தில் எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுபோகிறார்கள். நமக்கு மார்கழி விடியற்காலையிலும் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கார்த்திகை முதல் மாசி வரைதான் டெல்டா பிகோனியாவுக்கு நல்ல காலம்: புது இலை, பூ, வேர் எல்லாம் அப்போதுதான்.

அவர்கள் குளிர்காலத்துக்குச் செய்யும் ஏற்பாடுகளை நாம் கோடைக்குச் செய்ய வேண்டும். தண்ணீரைக் குறைப்பது, உரத்தை நிறுத்துவது, முக்கியமான செடிக்கு மாற்றுக்கன்று எடுத்து வைப்பது என்று எல்லாமே பொருந்தும், மாதம்தான் மாறும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் வெளிநாட்டுப் புத்தகங்களையும் தாராளமாகப் படிக்கலாம்.

முதலில் எந்த வகையை வாங்கலாம்?

கணுக்கணுவாக நிமிர்ந்து வளரும் கேன் வகைதான் முதலில். ஏஞ்சல் விங் என்று நர்சரியில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இலை ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்து இறக்கை மாதிரி இருக்கும், மேலே வெள்ளிப் பொட்டு, அடியில் சிவப்பு, கொத்தாகத் தொங்கும் பூ. லூசெர்னா என்ற பழைய கலப்பினம் இந்த வகைதான். வெக்கையைப் பொறுத்துக்கொள்ளும். கிளை ஒடித்து வைத்தாலே வேர் விடும். தெரிந்த வீட்டில் யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுக்க வேண்டியதில்லை. வெள்ளைப் புள்ளி போட்ட பிகோனியா மக்குலாட்டாவும் கேன்தான். படத்தில் பார்த்து எல்லோரும் ஆசைப்படுவது அது. ஆடி மாத வறட்டுக் காற்றில் அதன் இலை ஓரம் கருகும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அடுத்து மெழுகு பிகோனியா. சிறு செடி, பளபளக்கும் தடித்த இலை, ஓயாத பூ. நல்ல வெளிச்சம் வேண்டும், காலை வெயிலைக்கூடத் தாங்கும். டிராகன் விங் என்று விற்கும் பெரிய வகையும் சூட்டுக்கு அசராது.

இஞ்சி மாதிரித் தரையோடு படரும் தண்டு உள்ள வகைகளில், தடித்த இலைக்காரர்கள் எல்லோரும் நமக்கு ஒத்து வருவார்கள். வட்டமாகப் பளபளவென்று அடிப்பக்கம் சிவந்த இலையுள்ள எரித்ரோஃபில்லா 1840களில் ஐரோப்பாவில் உருவான கலப்பினம். இத்தனை வருஷம் தாக்குப்பிடித்திருப்பதே அதற்கு நற்சாட்சி. இலை நடுவில் பழுப்புச் சிலுவை போட்ட மசோனியானாவும் பரவாயில்லை.

ரெக்ஸ் என்னும் வண்ண இலை வகையை இரண்டாவது வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதன் மூதாதை அசாமிலிருந்து 1850களில் ஆர்க்கிட் செடிகளோடு சேர்ந்து இங்கிலாந்துக்குப் போனது. அங்கே ஆயிரம் கலப்பு செய்து, அந்தக் குளிருக்குப் பழகிய பிள்ளைகளை நமக்கே திருப்பி விற்கிறார்கள். நிறத்துக்காக மன்னிக்கலாம்.

கொடைக்கானலில் வாங்கிய ரோஜா அளவுப் பூ பிகோனியா வீட்டுக்கு வந்த ஒரே மாதத்தில் அழுகிவிட்டது. ஏன்?

அது கிழங்கு பிகோனியா. 1860களில் பெரு, பொலிவியா மலைகளிலிருந்து கொண்டுபோன இனங்களைக் கலந்து உருவாக்கியது. சுமார் 2100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலும் அதைவிட உயரத்தில் இருக்கும் ஊட்டியும் அதற்குப் பிறந்த வீடு போலத்தான். கும்பகோணம் அதற்குச் சரிப்படாது, நீங்கள் என்ன செய்தாலும்.

சூடு மட்டும் காரணமில்லை, பகல் நீளமும் சேர்ந்து காலை வாருகிறது. பகல் 12 மணி நேரத்துக்குக் குறையும்போது இந்தச் செடி வளர்ச்சியை நிறுத்திக் கிழங்கு கட்டி உறங்கப் போகும். நம் அட்சரேகையில் மார்கழியில் பகல் பதினொன்றரை மணி நேரம்தான். ஆக, குளிர்ச்சி இருக்கும் மாதத்தில் பகல் போதாது, பகல் நீளும் மாதத்தில் வெக்கை தாங்காது. குளிரூட்டிய அறையில் விளக்குப் போட்டு வளர்ப்பவர்கள் இருக்கலாம். மின் கட்டணம் கட்டுபவர் சம்மதித்தால் சரி.

மலர்க் கண்காட்சி மே மாதத்தில் நடக்கிறது, ஊரே மலைக்குப் போகிறது, கையில் ஒரு தொட்டியோடு திரும்புகிறது. டெல்டாவுக்குச் செடி கொண்டுவர அதைவிட மோசமான மாதம் கிடையாது. ஏற்காட்டிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ எந்தப் பிகோனியா வாங்குவதானாலும் ஐப்பசிக்கும் தை மாதத்துக்கும் நடுவில் வாங்குங்கள். கோடை வருவதற்குள் அது வேர்பிடித்து நம்மூர்த் தண்ணீருக்குப் பழகியிருக்கும்.

கிழங்கு மட்டும் மிச்சம் இருக்கிறது. காப்பாற்றலாமா?

கல் மாதிரிக் கெட்டியாக இருந்தால் முயன்று பார்க்கலாம். மண்ணை உதறி, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, உலர்ந்த தேங்காய் நார்த்தூளில் புதைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான அலமாரியில் வையுங்கள். ஐப்பசி பிறந்ததும் குழிந்த பக்கம் மேலே பார்க்க மேலோட்டமாக நட்டு, இரவு படுக்கப் போகும்வரை பக்கத்தில் ஒரு எல்இடி விளக்கு எரிய விடுங்கள். பூத்தால் லாபம்.

கடையில் தீபாவளி, புத்தாண்டு சமயத்தில் கொத்துக்கொத்தாகப் பூத்த சின்னத் தொட்டிகள் விற்கிறார்களே, அவை?

ஹைமாலிஸ், எலேட்டியர், ரீகர் என்று பல பெயர்களில் வரும். 1880இல் அரபிக்கடலிலுள்ள சொகோத்ரா தீவில் கண்டெடுத்த ஒரு பிகோனியாவையும் ஆண்டிஸ் கிழங்கு வகைகளையும் கலந்து செய்தது. குறும்பகலில் பூப்பது சொகோத்ரா பக்கத்துக் குணம், சூடு ஆகாதது ஆண்டிஸ் பக்கத்துக் குணம். இரண்டு மாதம் நிற்கும் பூங்கொத்து என்று நினைத்து வாங்கினால் மனக்கஷ்டம் இல்லை.

வீட்டில் எந்த இடம் சரி?

முற்றம் வைத்த பழைய வீடு இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் வானத்து வெளிச்சம் நேராக இறங்கும், வெயில் ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும், சூடான காற்று மேலே ஏறி வெளியேறிவிடும். பிகோனியாவுக்கென்றே கட்டின மாதிரி. முற்றத்து மழையில் நேராக நனையாமல் தூண் ஓரமாக வைத்தால் போதும்.

மெத்தை வீடு என்றால் கிழக்கு ஜன்னல் முதல் தேர்வு, வடக்கு இரண்டாவது. ஜன்னலிலிருந்து இரண்டடிக்குள் இருக்க வேண்டும். மேற்கு ஜன்னல் கோடையில் அடுப்படி. மாடி அறையை விடக் கீழ்த்தளம் எப்போதும் நல்லது: காங்கிரீட் தளம் பகலில் குடித்த சூட்டை நள்ளிரவுவரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும், இரவுச் சூடுதான் நம் எதிரி என்று மேலேயே பார்த்தோம். சந்தேகம் இருந்தால் இரவு பத்து மணிக்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். சுவர் சுட்டால் அந்த அறை வேண்டாம்.

வெளிச்சம் போதுமா என்பதை இலையே சொல்லும். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு செடி ஜன்னல் பக்கம் சாய்ந்தால் போதவில்லை. இலை வெளிறி ஓரம் பொசுங்கினால் அதிகம்.

ஏசி அறையில் வைக்கலாமா?

இரவில் மட்டும் 25, 26 டிகிரியில் ஓடும் அறை என்றால் ரெக்ஸுக்கு அது வரப்பிரசாதம். காற்று நேராக இலையில் படக் கூடாது, ஏசி காற்று வறண்டது. தொட்டிகளை நெருக்கமாக வைத்து, அடியில் கூழாங்கல் பரப்பிய தட்டில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். தொட்டியின் அடி தண்ணீரைத் தொடாமல் கல் மேல் உட்கார வேண்டும்.

மண் கலவை எப்படி? வயல் மண் நல்ல வளமாகத்தானே இருக்கிறது?

நெல்லுக்கு. தொட்டியில் போட்ட காவிரி வண்டல் நாலு தண்ணீரில் இறுகிக் களிமண் கட்டியாகிவிடும். பிகோனியா வேர் மயிர் மாதிரி மெல்லியது, மேலாகவே படர்வது. காற்று இல்லாவிட்டால் இரண்டு நாளில் அழுகும். அதோடு வாழைக் கொல்லை, வெற்றிலைக் கொடிக்கால் மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு இருக்க வாய்ப்பு அதிகம். அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

நம் பக்கம் சுலபமாகக் கிடைப்பதை வைத்தே நல்ல கலவை செய்யலாம். தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு, நன்றாக மட்கிய இலைமட்கோ மண்புழு உரமோ ஒரு பங்கு, பெர்லைட்டோ (நர்சரியில் கிடைக்கும் லேசான வெள்ளைத் துகள்) பொடித்த செங்கல் ஜல்லியோ ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்குத் தூள். ரெக்ஸுக்கு உமியையும் ஜல்லியையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். நார்த்தூளில் உப்பு இருக்கும், கடலோரத்துத் தூளில் இன்னும் அதிகம். ஊறவைத்துப் பிழியும்போது முதல் தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் வரும். வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். அடுத்தது உமி. அரிசி ஆலையில் கேட்டால் மூட்டையாகக் கொடுப்பார்கள், ஆனால் அங்கே பெரும்பாலும் கிடைப்பது முழுதாக எரிந்த வெளுத்த சாம்பல். அது காரத்தன்மை உள்ளது. பிகோனியாவுக்கு லேசான அமிலத்தன்மை, அதாவது 5.5 முதல் 6.5 வரை கார அமில அளவு வேண்டும். உமியின் உருவம் கலையாமல் கருப்பாக இருப்பதை மட்டும் பொறுக்கி எடுங்கள். கையில் எடுத்து நசுக்கினால் மொறுமொறுவென்று உடைய வேண்டும், மாவாக ஒட்டினால் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு பெரிய தொட்டி?

நீங்கள் நினைப்பதை விடச் சின்னது. படர்தண்டு வகைகளுக்கு ஆழமில்லாத அகலத் தொட்டி. மண் தொட்டி பக்கவாட்டில் ஆவியாகி வேரைக் குளிர வைக்கும், கோடைக்கு அது நல்லது. ஆடிக் காற்றில் சீக்கிரம் காயும், அது சிரமம். தினமும் பார்க்க முடிந்தவர்களுக்கு மண், முடியாதவர்களுக்கு பிளாஸ்டிக்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

நாள் கணக்கு வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றியதும் தொட்டியைத் தூக்கிக் கனத்தைக் கைக்குப் பழக்குங்கள், அப்புறம் தினமும் தூக்கிப் பாருங்கள். பாதி கனம் போயிருந்தால் ஊற்றலாம். மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்திருக்க வேண்டும். அடித்துளை வழியே ஓடும்வரை ஊற்றிவிட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

இலை தொங்குகிறது என்றதும் சொம்பை எடுக்கும் பழக்கம் நிறையச் செடிகளைக் கொன்றிருக்கிறது. வேர் அழுகினாலும் இலை தொங்கத்தான் செய்யும். மண் ஈரமாக இருக்கும்போது இலை தொங்கினால் செடிக்குத் தேவை தண்ணீரில்லை, காற்று.

இன்னொன்று. பிற்பகல் மூன்று மணிக்கு மாடி டேங்க்கிலிருந்து வரும் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், குழாயில் கை வைக்க முடியாத சூடு இருக்கும். காலையிலேயே வாளியில் பிடித்து நிழலில் வையுங்கள்.

எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. என்ன செய்வது?

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இது பெரிய தலைவலி. இலை நுனியும் ஓரமும் பழுப்பேறி, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால் உப்புதான். மழைத்தண்ணீரைச் சேமியுங்கள். 2003லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மாடியிலிருந்து இறங்கும் குழாய் எப்படியும் இருக்கும். அதில் ஒரு டிரம்மை இணைப்பது பெரிய வேலையில்லை. வலை போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் டெங்குக் கொசு வளர்ப்புப் பண்ணையாகிவிடும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் உப்பில்லாதது, ஒரு படுக்கையறை ஏசி இரவெல்லாம் ஓடினால் சின்னச் சேகரிப்புக்குப் போதும். இரண்டும் இல்லாதவர்கள் மாதம் ஒருமுறை கிடைக்கிற நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி, தொட்டி மண்ணிலுள்ள உப்பை அலசி வெளியேற்றுங்கள்.

இலை மேல் தண்ணீர் தெளிக்கலாமா?

வேண்டாம். தெளித்த ஈரம் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும், இலைப்புள்ளி நோய் மட்டும் மிஞ்சும். காற்றில் ஈரம் வேண்டுமென்றால் தரையை நனையுங்கள், சாக்கை நனைத்துத் தொட்டிகளுக்கு நடுவே விரியுங்கள்.

கோடையை எப்படித் தாண்டுவது?

மாசியிலேயே ஆரம்பிக்க வேண்டும். அந்த மாதத்தில் உங்களிடம் உள்ள ஒவ்வொரு நல்ல வகையிலிருந்தும் ஒரு கன்று எடுங்கள். ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு, முடிந்தால் இன்னொன்றைத் தெரிந்தவர் வீட்டில் வையுங்கள். மே மாதம் தாய்ச்செடி போனாலும் வகை போகாது. தொட்டி மாற்றுவது, கிளை வெட்டிச் சீராக்குவது எல்லாம் மாசியோடு முடிய வேண்டும்.

மாசிக் கடைசியில் உரத்தையும் நிறுத்துங்கள். வளர முடியாத செடிக்கு உரம் போட்டால் அது உப்பாகத்தான் சேரும். கத்திரி தொடங்குமுன் செடிகளை ஜன்னலிலிருந்து இன்னும் ஓரடி உள்ளே தள்ளி, கீழ்த்தளத்தின் வடக்குப் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள். சிமெண்ட் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய இடம், கிணற்றடித் தாழ்வாரம் இவை பொதுவாக இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கும். தட்டில் ஈர மணல் பரப்பி அதன்மேல் மண் தொட்டிகளை நெருக்கி வைத்தால் அடி குளிரும். மேலே மின்விசிறி மெதுவாக ஓடட்டும். ஈரமும் சூடும் சேர்ந்து காற்று அசையாமல் நின்றால் அழுகல் வரும்.

மொட்டு வந்தால் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, இருந்தாலும் கிள்ளுங்கள்.

ரெக்ஸ் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாகிவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். மண்ணுக்கு மேலே தெரியும் தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, கீறினால் உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. வாரம் ஒருமுறை ஓரத்தில் கொஞ்சம் ஊற்றினால் போதும். பெரும்பாலும் ஆவணி, புரட்டாசியில் இடிமழை பெய்து இரவு குளிர ஆரம்பித்ததும் கணுவில் சிவப்பு முனை தெரியும். கொழகொழவென்று அழுந்தினால் நல்ல பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, வெட்டிய முகத்தில் மரக்கரித் தூள் தடவி, ஒரு நாள் காயவைத்துப் புதுக் கலவையில் கிடத்துங்கள்.

கத்திரி முடிந்ததும் தப்பித்தோம் என்று இருந்துவிட வேண்டாம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தாலும் ஆனி, ஆடியில் மேல்காற்று வறட்டிக்கொண்டு அடிக்கும். அம்மியையே பறக்கவைக்கிற காற்று மக்குலாட்டா இலையைச் சும்மா விடுமா? மேற்கு ஜன்னலைச் சாத்தி வையுங்கள், அல்லது நனைத்த பழைய வேட்டியைத் தொங்கவிடுங்கள்.

ஐப்பசி மழையில் வெளியே வைக்கலாமா?

ஒரு நல்ல மழைக்கு வைத்து எடுக்கலாம், இலைத்தூசி போகும், மண்ணிலுள்ள உப்பும் கரைந்து ஓடும். அடைமழைக்கு விடக் கூடாது. நாலு நாள் விடாமல் பெய்தால் தண்டு அடியில் கருத்து ஒரே இரவில் சாய்ந்துவிடும். உள்ளே இருக்கும் செடிக்கும் அந்த வாரங்களில் தண்ணீர் பாதி போதும். நத்தை ஜன்னல் வழியாக ஏறிவரும். இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதே நம்பகமான வழி.

மார்கழியில் இலை மேல் விபூதி பூசின மாதிரி வெள்ளையாக வருகிறது?

சாம்பல் நோய். பகல் இளஞ்சூடு, இரவு குளிர்ச்சி, காற்றோட்டம் குறைவு என்றால் வரும். பாதித்த இலையைக் கிள்ளிப் பையில் போட்டு வெளியேற்றுங்கள், செடிகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். அதிகமானால் நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளிக்கலாம். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் கந்தகம் தொடாதீர்கள், இலை வெந்துவிடும்.

கன்று எடுப்பது எப்படி? ஓர் இலையிலிருந்தே செடி வரும் என்கிறார்களே?

படர்தண்டு வகையிலும் ரெக்ஸிலும் வரும். முற்றின ஆனால் கிழடாகாத இலை ஒன்றை எடுங்கள். இலையைத் திருப்பினால் காம்பு சேருமிடத்திலிருந்து நரம்புகள் விசிறியாகப் பிரிவது தெரியும். புது பிளேடால், ஒவ்வொரு துண்டிலும் ஒரு கெட்டி நரம்பு வரும்படி முக்கோணமாக வெட்டுங்கள், முனை காம்பு பக்கம் இருக்கட்டும். கழுவிக் காயவைத்த மூடி போட்ட பிரியாணி டப்பாவில் அலசிய நார்த்தூளும் பெர்லைட்டும் சரிபாதி போட்டு, பிழிந்தால் ஒரு சொட்டு வரும் ஈரத்தில் வைத்து, துண்டின் முனையைக் கால் அங்குலம் செருகுங்கள். மூடிவிட்டு வெளிச்சமான, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சரி, வழிந்தால் ஒரு நாள் திறந்து வையுங்கள்.

ஒரு மாத வாக்கில் வேர் வரும். அதன்பின் செருகிய இடத்தில் குண்டூசித் தலை அளவில் ஒரு சிவப்பு முடிச்சு, அதிலிருந்து சுருண்ட ரோமம் மூடிய இலை. அந்தக் குட்டியிலேயே தாயின் வெள்ளிக் கோடு தெரியும். இரண்டு மூன்று இலை வந்ததும் பிரித்து நடலாம். டப்பாவிலிருந்து நேராக வெளிக்காற்றுக்கு எடுத்தால் துவண்டுவிடும், மூடியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள்.

கேன் வகையில் இலையை நட்டு ஏமாந்தவர்கள் நிறைய. வேர் விடும், மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், செடி வராது. அதற்கு இரண்டு மூன்று கணு உள்ள தண்டு வேண்டும், மண்ணுக்குள் போகும் கணுவில் உறங்கும் மொட்டு இருக்க வேண்டும். பூத்து முடிந்த கணுவில் பெரும்பாலும் மொட்டு இருக்காது. தண்ணீரில் வைத்தும் வேர் எடுக்கலாம்.

விதை? தூசிதான், ஒரு கிராமில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் இருக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு விதையுங்கள், மண் போட்டு மூடாதீர்கள்.

என்ன உரம்?

ஐப்பசியிலிருந்து மாசி வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை 19:19:19 நீரில் கரையும் உரம், லிட்டருக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம். ஈர மண்ணில்தான் ஊற்ற வேண்டும். பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் நல்லவைதான், ஆனால் வீட்டுக்குள் ஊற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் எனக்குச் சொல்லுங்கள்.

பூச்சி?

மாவுப்பூச்சி கணு இடுக்கிலும் இலைக்காம்பு சேருமிடத்திலும் பஞ்சாக ஒட்டும். காதுக்குச்சியில் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு வாரம் ஒருமுறை அதே இடத்தைத் திரும்பப் பாருங்கள். ரோமம் உள்ள இலையில் வேப்பெண்ணெய் ஒட்டிக் கறையாகும், முதலில் ஓர் இலையில் சோதியுங்கள். ஆடிக் காற்றில் இலை மங்கி அடியில் நுண்ணிய வலை தெரிந்தால் செம்பேன். இலை அடியைத் தண்ணீரால் துடைத்து எடுத்தாலே பாதி போய்விடும்.

நன்றாகக் கவனித்தும் செடி வருஷமெல்லாம் குன்றியே நின்றால் வேரை உருவிப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு, அந்தத் தொட்டிக்கு வைத்தியம் இல்லை. மேல் தண்டில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, கலவையை வெயிலில் கொட்டி, தொட்டியைக் கொதிநீரில் கழுவுங்கள்.

பூக்கள் முழுசாகக் கொட்டிவிடுகின்றனவே?

கொட்டுவது ஆண் பூவாக இருக்கும். பிகோனியாவில் ஒரே செடியில் ஆணும் பெண்ணும் தனித்தனிப் பூ. ஆண் இரண்டு மூன்று நாளில் உதிரும். பூவுக்குப் பின்னால் மூன்று சிறகு வைத்த சூலகம் இருந்தால் பெண், வாரக்கணக்கில் நிற்கும். மொட்டாகவே கொட்டினால்தான் கவலைப்பட வேண்டும். வறட்டுக் காற்றோ, இடம் மாற்றியதோ, தண்ணீர் கூடக்குறைய ஆனதோ காரணமாக இருக்கும்.

செடி வளர்க்கும் விளக்கு வாங்க வேண்டுமா?

ஜன்னல் இருந்தால் தேவையில்லை. இருட்டு அறை என்றால் சாதாரண 20 வாட் வெள்ளை எல்இடி டியூப் இலைக்கு ஓரடி மேலே 12 மணி நேரம் எரிந்தால் போதும், ஊதா விளக்கெல்லாம் கண்ணுக்குத்தான் கேடு. ஆனால் சேகரிப்பு முழுவதையும் மின்சாரத்தை நம்பி வைக்காதீர்கள். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரை கடந்தபின் நாகை, திருவாரூர்ப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. செடிகளைத் தூக்கி வைக்க வெளிச்சமான தாழ்வாரம் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

பூனை, குழந்தை இருக்கும் வீட்டில் ஆபத்தா?

ஆக்சலேட் இருப்பதால் மென்றால் வாய் எரியும், பூனையும் நாயும் வாந்தி எடுக்கலாம், கிழங்கிலும் வேரிலும் அதிகம். எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.

பத்து நாள் ஊருக்குப் போனால்?

குளிர் மாதங்களில் நன்றாகத் தண்ணீர் விட்டு, ஜன்னலிலிருந்து தள்ளி, நெருக்கி வைத்துவிட்டுப் போகலாம். கோடையில் போவதானால் தொட்டி அடித்துளை வழியாக நைலான் நாடா ஒன்றைச் செருகி மறுமுனையைத் தண்ணீர் டப்பாவில் விடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுப்பதானால், "காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்" என்று சொல்லி, எந்தத் தொட்டிக்கு எத்தனை டம்ளர் என்று அட்டையில் எழுதிச் செருகிவிடுங்கள். அன்பானவர்கள் கையில்தான் செடிகள் அதிகம் மூழ்கிச் சாகின்றன. அதே அட்டையின் மறுபக்கம் வகைப் பெயரையும் கன்று எடுத்த மாதத்தையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை இரண்டு தண்ணீரில் அழிந்துவிடும்.